நடு ஸ்டூலில் வைத்த ரொட்டி

இருபது வருடமாகக் கெட்டுப்போன இறைச்சியைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எங்கள் மலையூர் கராகோலின் சந்தைக்குள் நான் நுழைந்தாலே கறிக்கடைக்காரர்கள் அவசரமாகத் துணியை எடுத்து எதையாவது மூடுவார்கள். மூடிப் பயனில்லை. பத்தடி தள்ளி நின்றே எந்தக் கடையில் நேற்றைய ஈரல் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். சுகாதார ஆய்வாளர் வெனேரா என்றால் பலருக்குத் தெரியாது. மூக்குக்காரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் பாதி வாசனைதான். கண் ஏமாறும். காது ஏமாறும். என் மூக்கு ஏமாந்ததில்லை. இது போன குளிர்காலத்தில், என் வீட்டில், என் சமையலறையை ஒட்டிய அறையில் நடந்தது. கதை கட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போது நானே உட்கார்ந்து எழுதுகிறேன், என்ன செய்வது.

என் கணவன் மார்லென் தெருவிளக்குப் பழுது பார்க்கிறவன். நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவனை நான் கட்டிக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். வாயை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் சாப்பிடுவான். சிரிக்காதீர்கள். மெல்லும் சத்தம் கேட்டால் எனக்குக் குமட்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

மார்லெனுக்கு ஹெலிகாப்டர் பைத்தியம். இளவயதில் பைலட் பள்ளிக்குப் போனான். இதயத்தில் ஏதோ கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஏக்கம் போகவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் கணினியில் ஓட்ட ஆரம்பித்தான். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும். உண்மையான மி-8 ஹெலிகாப்டரில் எத்தனை பொத்தான் உண்டோ அத்தனையும் அதில் உண்டு. இடது கையில் ஏற்றி இறக்கும் நெம்புகோல், வலது கையில் ஸ்டிக், இரண்டு காலிலும் பெடல். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் சரிக்கட்ட வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிறுத்தவே அவனுக்கு எட்டு மாதம் ஆனது. அன்றைக்குக் குழந்தை பிறந்த மாதிரி ஊருக்கெல்லாம் போன் போட்டான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த அறை காலியாகத்தான் கிடந்தது. ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வினை வந்தது ஜோல்டோஷ் வடிவத்தில். மார்லெனுடைய சித்தப்பா மகன். மலையேறுகிறவர்களைக் கொண்டுபோய் விடும் ஹெலிகாப்டர் தளத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவன். நவம்பரில் ஒருநாள் வண்டியில் ஒரு இருக்கையைப் போட்டுக்கொண்டு வந்தான். நிஜமான மி-8 இருக்கை, இடது பக்கக் கமாண்டருடையது. கழித்துப்போட்ட இயந்திரத்திலிருந்து எடுத்ததாம். மார்லென் ஒரு கொழுத்த ஆட்டைக் கொடுத்து அதை வாங்கினான். ஆட்டை ஏற்றிக்கொண்டு போகும்போது ஜோல்டோஷ் என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதும் வம்பிழுக்காமல் போகாதவன். எனக்கு அது உறுத்தியது.

இருக்கை நாறியது.

மண்ணெண்ணெய் நாற்றம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று. பழைய ஆட்டுக்கொழுப்பைத் துணியில் துடைத்து, அந்தத் துணியை மூட்டையில் கட்டி மறந்துபோனால் வருமே, அது. சோடா உப்பு போட்டுத் தேய்த்தேன். வினிகர் ஊற்றித் தேய்த்தேன். கையுறை போட்டிருந்தும் நாற்றம் விரலில் ஒட்டியது. உறையின் வலது ஓரத்தில் தோல் இல்லை. ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து உள்ளே பஞ்சு தெரிந்தது. ஜோல்டோஷ் எலி என்று சொல்லியிருந்தான். எலி கடித்த மூட்டைகளை எத்தனை பார்த்திருப்பேன். எலிப்பல் இப்படிப் பதியாது. நாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்லென் அதை அங்குலம் அளந்து பொருத்தினான். நிஜ ஹெலிகாப்டரில் இடது பக்கம் கமாண்டர் என்கிற தலைமை பைலட், வலது பக்கம் துணை பைலட், இருவருக்கும் நடுவில் சற்றுப் பின்தள்ளி மெக்கானிக் உட்காருவார். அந்த மெக்கானிக்கின் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டான், எல்லாம் சரியாக இருக்க வேண்டுமாம். தலையில் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹெட்போனையும் போட்டுவிட்டால் அவனுக்கு இந்த வீடே கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பனிமலைதான், மீட்புப் பணிதான். அல்மாட்டியிலும் தாஷ்கண்டிலும் அவனைப் போல நாலு பேர். எல்லோரும் இணையத்தில் சேர்ந்து இல்லாத ஆட்களை இல்லாத மலையிலிருந்து காப்பாற்றுவார்கள்.

சாப்பாட்டுத் தட்டு வைக்க அந்த அறையில் வேறு இடமில்லை. ஸ்டூல் மேல் வைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் எண்ணெய் காயவைத்து ஏழு ரொட்டி பொரிப்பது எங்கள் வழக்கம். செத்தவர்களுக்கு ரொட்டி வேண்டாம், அந்த எண்ணெய் வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. பொரித்து முடித்ததும் உட்கார்ந்து ஓதி, இது இன்னாருக்கு, இது இன்னாருக்கு என்று பெயர் சொல்ல வேண்டும். என் அப்பா, அம்மா, மாமனார், மாமியார், அவர்கள் கூடப்பிறந்தவர்கள்... நாள் முழுக்கச் சந்தையில் கத்திவிட்டு வந்த எனக்கு அத்தனை பெயரைச் சொல்ல ஏது தெம்பு? சுருக்கமாக ஒன்று வைத்திருந்தேன். "யாருக்குப் பசிக்குதோ அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்." அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு, ரொட்டியில் இரண்டைத் தட்டில் போட்டு மார்லெனிடம் கொண்டுபோய் வைப்பேன்.

டிசம்பரில் அவன் இளைக்க ஆரம்பித்தான்.

பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான். பிறகு இன்னொன்று. கன்னம் ஒட்டியது. கம்பத்தில் ஏறும்போது கை நடுங்குகிறது என்று அவன் மேலதிகாரி எனக்குப் போன் செய்தார். ஆனால் நான் வைக்கும் தட்டு மட்டும் காலியாகவே திரும்பி வந்தது. வெறும் காலி இல்லை. ஒரு பருக்கை, ஒரு துளி எண்ணெய் இருக்காது. கழுவியது போல இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும்.

மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறவன் ஏன் இப்படி இளைக்கிறான் என்று கேட்டேன். அவன் விழித்தான். நான் எங்கே சாப்பிடுகிறேன், நீதான் இப்போதெல்லாம் தட்டே கொண்டுவருவதில்லையே, கேட்டால் சண்டை வரும் என்று சும்மா இருந்தேன் என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தின்றுவிட்டு இல்லை என்கிறானே!

என் மூளை என் தொழில் பக்கம்தான் போகும். தின்கிறான், இளைக்கிறான், அப்படியென்றால் நாடாப்புழு. மாத்திரை கொடுத்தேன். மலத்தை டப்பாவில் பிடித்து வரச்சொல்லி எங்கள் ஆய்வகத்திலேயே கொடுத்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் புருஷன் செத்துப்போவதைவிட அது மேல் இல்லையா? புழு இல்லை. தலைநகர் பிஷ்கெக் வரை கூட்டிப்போய் ரத்தம், வயிறு, நெஞ்சு எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. இவருக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுங்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. திரும்பி வரும் வழியில் மார்லென் வண்டிக் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கினான். கழுத்து நரம்பு தனியாகத் தெரிந்தது. இவன் போய்விடுவான் என்று அன்றுதான் பயந்தேன்.

ஓட்டுவதை நிறுத்து என்றேன். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்றான். அந்த முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் அவன் நொந்துகொண்டான். அவனோடு பறக்கும் தாஷ்கண்ட்காரர் கோபித்துக்கொண்டாராம். மைக்கில் சாப்பிட்டுக்கொண்டே பேசாதே, காதுக்குள் மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்றாராம். "நான் வாயைத் திறக்கவே இல்ல, வெனேரா" என்றான் மார்லென். பிறகு வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கேட்டான். "அப்புறம், நான் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது ஏன் வந்து வந்து முழங்கையைத் தொடற?"

நான் தொட்டதே இல்லை.

அவன் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கன்றல். அதற்கு எதிரே இன்னொரு பிறை. மேசை முனையில் இடித்திருக்கும் என்றான்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து பனி. ரொட்டி பொரித்தேன். அவசரமாக ஓதினேன். யாருக்குப் பசிக்குதோ அவங்களுக்கு... தட்டை எடுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். என்னிடமே பொய்யா?

ஆறே முக்கால் இருக்கும். அறையில் விளக்கு இல்லை. சுவரில் இருந்த திரை மட்டும் வெளிச்சம். கண்ணாடிக்குள் அவன் எதைப் பார்க்கிறானோ அது அந்தத் திரையிலும் தெரியும். வெள்ளை மலை. வெள்ளை மேகம். ஹெலிகாப்டர் ஒரு சரிவுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. ஸ்பீக்கரில் இறக்கைச் சத்தம். தப... தப... தப... தப...

தட்டை ஸ்டூலில் வைத்தேன். பேசாமல் பின்னால் நடந்து கதவோரம் நின்றேன்.

அவன் ரொட்டியைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையும் கருவிகளில். வாய் மூடியிருந்தது.

முதலில் நாற்றம் வந்தது.

பொரித்த ரொட்டியின் வாசனை சட்டென்று போய்விட்டது. யாரோ உறிஞ்சிக்கொண்ட மாதிரி. அதன் இடத்தில் அது வந்தது. அந்த மூட்டைத் துணி நாற்றம். வெறும் வயிற்றிலிருந்து வரும் வாய்நாற்றமும் கூட.

என் கையால் மூக்கைப் பொத்தினேன். உள்ளங்கையைத் தாண்டி வந்தது.

பிறகு...

சப்.

திரும்பவும். சப்... சப்...

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. ஸ்டூலிலிருந்து.

மேலே இருந்த ரொட்டியின் ஓரம் நனைந்தது. கறுத்தது. உள்ளே குழிந்தது. நான் பார்க்கப் பார்க்க ஒரு துண்டு இல்லாமல் போனது. எச்சில் நூல் மாதிரி ஒன்று தட்டிலிருந்து மேலே இழுபட்டு, அறுந்தது.



மார்லென் தலையைத் திருப்பாமல் சிரித்தான். "மெதுவாச் சாப்பிடு, வெனேரா. யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க."

நான் கதவோரம் நின்றேன். அவனுக்குப் பின்னால். ஆறடி தள்ளி.



முதல் ரொட்டி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. தட்டு லேசாக ஆடியது. வழித்து நக்கும் சத்தம். தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை... நிதானமாக...

நின்றது.

திரையில் மேகம் மூடிக்கொண்டது. தப... தப... தப...

இன்னும் பசி. எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேட்காதீர்கள்.

மார்லெனின் வலது சட்டைக் கை, முழங்கைக்குக் கீழே, இறுகியது.

துணி குழிந்தது. மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வளைவு.

ஈரம் பரவியது.

சப்.

"ஏய்..." என்று மார்லென் முகத்தைச் சுளித்தான்.

பாய்ந்தேன். அவன் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். கண்ணாடியோடு, வயரோடு, இருவரும் தரையில் விழுந்தோம். ஸ்டூல் உருண்டது. திரையில் ஹெலிகாப்டர் சரிந்து, மலை சுழன்று, இறக்கைச் சத்தம் நின்றது. எல்லாம் அமைதி.

இருட்டில் அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இப்போது அது இருக்கையின் வலது ஓரத்திலிருந்து வந்தது. காய்ந்த தோலை மெல்லும் சத்தம்.

மார்லெனுக்கும் கேட்டது. என் கையை இறுகப் பிடித்தான். தரையோடு தரையாக அவனை வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அவன் சட்டைக் கை என் விரல்களில் வழுக்கியது. எச்சில். சில்லென்று, கொழகொழவென்று, அந்த நாற்றத்தோடு. கழுவுதொட்டி வரை போக முடியவில்லை. நடையிலேயே வாந்தி எடுத்தேன். சட்டையை அடுப்பில் போட்டு எரித்தேன்.

விடிந்ததும் நாத்தனார் சாய்ராவிடம் ஓடினேன். அவர் இந்த வழக்கமெல்லாம் தவறாமல் செய்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓதும்போது யார் பெயரைச் சொன்னாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பேரு சொல்லாம பசிச்சவங்கன்னு கூப்பிட்டா வேற யாரும்மா வருவா?" என்றார். "போ. அது யாரு உட்கார்ந்த சீட்டுன்னு விசாரி. பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, அவருக்குன்னு பொரிச்சுக் கொடு."

ஜோல்டோஷுக்குப் போன் செய்தேன். மழுப்பினான். எலி, பழைய இயந்திரம் என்றான். நான் நேரில் வந்தால் உன் தளத்துச் சமையலறையைப் பூட்டி முத்திரை வைப்பேன் என்றேன். அப்புறம்தான் வாயைத் திறந்தான். அது விழுந்து நொறுங்கிய ஹெலிகாப்டரின் இருக்கை. மேகம் கலையாததால் மீட்பு ஹெலிகாப்டர் போக ஒன்பது நாள் ஆனது. பைலட்டுகள் இரண்டு பேரும் விழுந்ததுமே போய்விட்டார்கள். நடுவிலிருந்த மெக்கானிக் மட்டும் உயிரோடு, கால் மாட்டிக்கொண்டு, பட்டினியில்... பெயர் அசில்பெக். அந்த ஓரத்துத் தோலைக் கடித்தது அவர்தான்.

"தெரிஞ்சேதானே எங்க வீட்டுல கொண்டாந்து போட்ட?" என்றேன். இது தெரிந்தும் நல்ல ஆட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கே பொரித்தேன். அசில்பெக் பெயரை முதலில் சொன்னேன். நின்று, நிதானமாக, என் பெற்றோருக்குக்கூடச் சொல்லாத மரியாதையோடு சொன்னேன். ஏழு ரொட்டியையும் அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். இருக்கையை ஜோல்டோஷையே தூக்க வைத்து, அசில்பெக்கின் ஊர்க் கல்லறைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்தோம். மார்லென் கணினியை மூட்டை கட்டி விற்றுவிட்டான். நாற்றம் போனது. நான் நாலு மூலையிலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சுத்தமாகப் போனது. பிப்ரவரியில் மார்லெனுக்குக் கன்னம் நிறைந்தது. பெல்ட்டில் பழைய ஓட்டைக்கு வந்தான். தப்பித்தோம் என்று அழுதேன்.

ஜூனில் சாய்ரா வீட்டில் விருந்து. கோடை, எல்லோரும் அரைக்கைச் சட்டை. ஜோல்டோஷ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நன்றாகக் குடித்திருந்தான். கையில் வாலெலும்பு, விரலிடுக்கில் கொழுப்பு வழிந்தது. தள்ளி உட்கார் என்றேன். அவன் தள்ளவில்லை. மனசு அறுக்கிறது, அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லவில்லை என்றான்.

"இன்னும் என்னடா இருக்கு? அந்த மனுஷன் தோலைத் தின்னுட்டுச் செத்தாரு. அதானே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "தோல்லதான் ஆரம்பிச்சாரு, அண்ணி."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கமாண்டர் அதே சீட்டுல கிடந்தாருல்ல. பக்கத்துலயே. நாங்கதான் போர்வையில சுத்தி எடுத்தோம். வீட்டுக்காரங்க பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினோம்."

என் வாய் தானாகக் கேட்டது. "எங்க?"

ஜோல்டோஷ் எலும்பைக் கீழே வைத்தான். கொழுப்பு விரலால் தன் வலது கையைத் தொட்டுக் காட்டினான். முழங்கைக்குக் கீழே.

நான் நிமிர்ந்தேன். எதிரே மார்லென் உட்கார்ந்திருந்தான். நல்ல சதை போட்டிருந்தான். வலது கையில் அந்த இரண்டு பிறையும் இன்னும் மறையவில்லை. சாய்ரா மூன்றாவது முறையாக அவன் தட்டை நிரப்பினார். அவன் யாரையும் பார்க்கவில்லை. எலும்பைக் கடித்து, உறிஞ்சி, தட்டைத் தூக்கி வழித்து நக்கினான்.

சப்... சப்... சப்...